எதில் இருபது சதவீதம்?

அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு நாள் சாயங்காலம் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அத்தை, இது எப்படித் தப்பாகும்? நீங்களே சொல்லுங்க.”

கேள்வி இதுதான்: ஓர் எண்ணை 20 சதவீதம் கூட்டி, வந்ததை 20 சதவீதம் குறைத்தால் என்ன கிடைக்கும்? ‘அதே எண்’ என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. ஐந்தைக் கூட்டி ஐந்தைக் கழித்தால் பழைய எண் வருகிறதே, இருபது சதவீதத்துக்கு மட்டும் என்ன வந்தது என்பது அவள் வாதம்.

நியாயமான வாதம்தான். இதே வாதத்தை நம்பி நான் ஒரு காலைப்பொழுது முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன். அப்போது எனக்கு ஏழாம் வகுப்பு வயதில்லை, இருபத்து நான்கு.

வரைபட அலுவலகம் ஒன்றில் வேலை. ஓர் இயந்திரப் பாகத்தின் படம் ஏ3 தாளில் இருந்தது. நீளம் சரியாக 300 மில்லிமீட்டர். அறிக்கை ஒன்றில் சேர்ப்பதற்காக அதை நகல் இயந்திரத்தில் 80 சதவீதத்துக்குக் குறைத்து எடுத்தேன். மூலப்படம் அன்றே உறையில் போய்விட்டது. மறுநாள் காலை, பழைய அளவிலேயே இன்னொரு பிரதி வேண்டும் என்றார்கள். கையில் இருந்தது குறைத்த பிரதி மட்டும். அதற்கென்ன, நேற்று 20 குறைத்தோம், இன்று 20 கூட்டினால் போச்சு. 120 என்று அழுத்தினேன்.

ஸ்கேலை வைத்துப் பார்த்தால் 288 மில்லிமீட்டர். தாள் கோணலாகப் போயிருக்கும் என்று மறுபடி எடுத்தேன். 288. கண்ணாடியைத் துடைத்து, தாளை நேராக ஒட்டி வைத்து எடுத்தேன். அப்போதும் 288. இயந்திரம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

வந்தவர் இயந்திரத்தைத் திறக்கவே இல்லை.

“மேடம், நேத்து எத்தனையில கொறைச்சீங்க?”

“எண்பது.”

“அப்ப நூத்தி இருபத்தஞ்சு வைங்க.”

வைத்தேன். 300 மில்லிமீட்டர், அச்சடித்தாற்போல. அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் கருவிப்பையின் ஜிப்பை இழுத்து மூடியபடியே சொன்னார்: “இது குட்டியா இருக்கு மேடம். குட்டியோட இருபது, குட்டியாத்தானே இருக்கும்?”

நான் கணக்கில் பட்டம் வாங்கவில்லை என்றாலும் கல்லூரியில் நான்கு பருவம் கணிதம் படித்தவள். தொகை நுண்கணிதத்தில் நல்ல மதிப்பெண்கூட. ஆனால் 240இன் இருபது சதவீதம் 48தான், 300இன் இருபது சதவீதம்தான் 60 என்பதைக் கண் முன்னால் 12 மில்லிமீட்டர் குறைந்து நிற்கும் வரை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த 288 மில்லிமீட்டர் பிரதியைக் கிழித்துப் போடாமல் மடித்து வைத்துக்கொண்டேன். இன்னமும் இருக்கிறது.

சரி, நோட்டுக்கு வருவோம். அவளிடம் சூத்திரம் எதையும் சொல்லவில்லை. கட்டம் போட்ட நோட்டில் பத்துக்குப் பத்தாக நூறு கட்டத்தைச் சுற்றிக் கோடு போடச் சொன்னேன். “இதுல இருபது சதவீதம் கூட்டு.” இரண்டு வரிசையைக் கீழே சேர்த்தாள். இப்போது பன்னிரண்டு வரிசை, 120 கட்டம். “இப்ப இதுல இருபது சதவீதத்தை அழி.” சேர்த்த இரண்டு வரிசையை அழிக்க ரப்பரைக் கொண்டுபோனாள். “ஒவ்வொரு வரிசையிலயும் பத்துக்கு ரெண்டு அழிக்கணும்” என்றதும் கை நின்றது.

ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, ஓரத்திலிருந்து இரண்டிரண்டாக அழித்துக்கொண்டே வந்தாள். பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு இரண்டு. இருபத்து நான்கு போய்விட்டது. மிச்சம் 96.

“நாலு கட்டம் கூடப் போயிடுச்சு.”

“எங்க போச்சு பாரு.”

புதிதாகச் சேர்த்த இரண்டு வரிசையில் அழித்த நான்கு கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். கூட்டிய இருபதிலும் ஒரு இருபது சதவீதம் போயிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். எனக்கு நகல் இயந்திரத்தின் முன் ஒரு காலை பிடித்தது. அவளுக்குப் பத்து நிமிடம்.

அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு. யாராவது சதவீதம் என்றால் மற்றவர் உடனே “எதில்?” என்று கேட்க வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்கு இது பெரிய தொல்லை. அலைபேசியில் இருபது சதவீதம்தான் சார்ஜ் இருக்கிறது என்று அண்ணன் சொல்ல, “எதுல, புது பேட்டரியிலயா, இப்ப இருக்கிற பழைய பேட்டரியிலயா?” என்று அவள் கேட்டது நல்ல கேள்வி. பேட்டரி பழசாகப் பழசாக முழுக்கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். திரையில் தெரிவது இன்றைய கொள்ளளவில் எவ்வளவு மிச்சம் என்பது. அதே இருபது சதவீதம் மூன்று வருடத்துக்கு முன் தாங்கிய நேரத்தை இப்போது தாங்காது.

நம் மொழி இந்த விஷயத்தில் ரொம்பவே உதவி செய்கிறது. தமிழில் ‘இருநூறில் பத்து சதவீதம்’ என்று அடிப்படை எண்ணை முதலில் வைத்துத்தான் பேச்சே தொடங்குகிறோம். ‘நூற்றுக்குப் பத்து’ என்னும்போது ‘க்கு’ எதற்கு என்று சொல்லிவிடுகிறது. விழுக்காடு என்ற சொல்லில் ‘ஆளுக்கு இவ்வளவு விழும்’ என்கிற பங்குக் கணக்கின் சாயல் எனக்குக் கேட்கும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், தலைப்பாகவும் விளம்பரமாகவும் ஆகும்போது அந்த ‘இருநூறில்’ உதிர்ந்துபோய் ‘பத்து சதவீதம்’ மட்டும் தனியாக நிற்கிறது. எழுவாய் இல்லாத வாக்கியத்தை நாம் சூழலிலிருந்து ஊகித்துக்கொள்வோம் இல்லையா, அதேபோல் அடிப்படையையும் ஊகித்துக்கொள்கிறோம். ஊகம் பெரும்பாலும் சரியாக இருப்பதுதான் ஆபத்து.

நூறை அளவுகோலாக வைப்பது பழைய பழக்கம். ரோமில் அகஸ்டஸ் காலத்தில் ஏலத்தில் விற்கும் பொருளுக்கு நூற்றில் ஒரு பங்கு வரி இருந்தது. நாம் போடும் % குறி இத்தாலிய வணிகர்களின் கணக்கேட்டிலிருந்து வந்தது. ‘பெர் சென்டோ’, அதாவது நூற்றுக்கு, என்பதை 15ஆம் நூற்றாண்டில் சுருக்கிச் சுருக்கி எழுதி, அந்தச் சுருக்கெழுத்தின் வளைவுகள்தான் நாளடைவில் இரண்டு சுழியும் ஒரு கோடும் ஆயின. பத்தின் அடுக்குப் பின்னங்களை, அதாவது தசமங்களை, எல்லாரும் கையாளும்படி ஃபிளெமிஷ் கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் எழுதியது 1585இல். ஆக, தசமப் புள்ளி ஐரோப்பாவில் பரவலாவதற்கு முன்பே சதவீதம் கடைக்கணக்கில் இருந்தது. பள்ளியில் நாம் படிப்பது இதற்குத் தலைகீழ் வரிசை: முதலில் பின்னம், அப்புறம் தசமம், கடைசியில் சதவீதம். அதனாலேயே சதவீதம் என்பது என்னவோ புதிதாக வந்த மூன்றாவது பூதம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். கீழே நிற்கும் எண் எப்போதும் 100 என்று முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்ட பின்னம் அது, வேறொன்றும் இல்லை.

ஆரியபட்டர் 499இல் எழுதிய நூலில் திரைராசிகம் என்ற மூவெண் விதி வருகிறது. இவ்வளவுக்கு இவ்வளவு என்றால் அவ்வளவுக்கு எவ்வளவு? மூன்று எண் தெரியும், நான்காவது வேண்டும். பலனை வேண்டிய அளவால் பெருக்கி, கொடுத்த அளவால் வகு என்கிறார். பள்ளிச் சதவீதக் கணக்குகள் முக்கால்வாசி இந்த ஒரே விதியில் அடங்கிவிடும். நூறுக்கு 18 என்றால் 250க்கு எவ்வளவு? 45. எந்தச் சதவீதக் கணக்கையும் ‘நூறுக்கு இத்தனை என்றால்’ என்று ஆரம்பித்துச் சொல்லிப் பார்த்தால் பாதி பயம் போய்விடும். என் அப்பா அப்படித்தான் போடுவார். சூத்திரம் தெரியாது, தப்பும் வராது.

எனக்குப் பள்ளியில் மூன்று சூத்திரம் கொடுத்தார்கள்: சதவீதம் காண, பகுதி காண, முழுமை காண. மூன்றையும் ஒரு முக்கோணத்துக்குள் எழுதி, வேண்டியதை விரலால் மூடிப் பார்க்கச் சொன்னார்கள். தேர்வுக்கு உதவியது. ஆனால் எது முழுமை, எது பகுதி என்று கண்டுபிடிப்பதுதானே கணக்கு? அதை முக்கோணம் சொல்லாது. ‘ஓர் எண் 25 சதவீதம் கூடி 100 ஆனது, பழைய எண் என்ன’ என்று கேட்டுப் பாருங்கள். படித்தவர்களே சட்டென்று 75 என்பார்கள். 75இல் 25 சதவீதத்தைக் கூட்டினால் 93.75தான் வரும். பழைய எண்தான் முழுமை, 100 என்பது அதில் 125 சதவீதம், ஆகவே 80. நான் தடுமாறிய அதே எண்பதும் நூற்றிருபத்தைந்தும்தான், வேறு வேஷத்தில்.

நகல் இயந்திரம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அதில் 71, 141 என்று இரண்டு விசித்திரமான எண்கள் தயாராக இருக்கும். ஏ3 தாளை ஏ4 ஆக்க 71 சதவீதம். ஏ4 என்பது ஏ3இல் சரிபாதி ஆயிற்றே, 50 அல்லவா இருக்க வேண்டும்? இங்கேயும் ‘எதில்’தான் பதில். இயந்திரம் பேசுவது நீளத்தின் சதவீதம். நீளமும் 0.71 ஆகி, அகலமும் 0.71 ஆனால் பரப்பு 0.71 பெருக்கல் 0.71, ஏறக்குறைய 0.5. ஏ வரிசைத் தாள்களின் நீள அகல விகிதம் இரண்டின் வர்க்கமூலம் என்பதால் இந்தக் கணக்கு இவ்வளவு அழகாக உட்காருகிறது. ஐம்பது என்று அழுத்தினால் பரப்பில் கால்வாசிப் படம்தான் வரும்.

இன்னொரு வித்தையையும் சொல்லிவிடுகிறேன், இது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 75இல் 4 சதவீதம் எவ்வளவு? தாள் தேட வேண்டாம், 4இல் 75 சதவீதம் எவ்வளவு என்று கேளுங்கள். நாலில் முக்கால், மூன்று. இரண்டும் ஒன்றுதான். 50இல் 18 சதவீதமும் 18இல் பாதியும் ஒன்று. பெருக்கி நூறால் வகுப்பதில் எந்த எண் முன்னே நின்றால் என்ன? நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கே இது தெரிந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அதே காரணத்தால்தான் முதலில் 10 சதவீதமும் பிறகு 20 சதவீதமும் குறைத்தாலும், மாற்றிக் குறைத்தாலும் விடை ஒன்றே: 100 என்பது 72 ஆகும். 70 ஆகாது.

கூடுவதும் குறைவதும் சதவீதமாகவே இருக்கும் ஒன்றைப் பற்றிப் பேசும்போது குழப்பம் இரட்டிப்பாகிறது. 4 சதவீதமாக இருந்த ஒரு வட்டி 5 சதவீதமானால் ஒரு சதவீதம் கூடிற்றா, 25 சதவீதம் கூடிற்றா? ஒரு சதவீதப் புள்ளி கூடியது என்பதும் சரி, முன்பிருந்ததைவிட 25 சதவீதம் கூடியது என்பதும் சரி. ‘புள்ளி’ என்ற ஒரு சொல்லைச் செய்தியில் விட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் பெரிதாகவும் காட்டலாம், சின்னதாகவும் காட்டலாம்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தக்கட்டு ஏற்படும் ஆபத்து இரண்டு மடங்காகிறது, அதாவது 100 சதவீதம் கூடுகிறது என்று செய்தி பரவியது. பெண்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள். பழைய வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் 7,000 பேருக்கு ஒருவருக்கு வந்தது, புதிய வகையில் 7,000 பேருக்கு இருவருக்கு வருகிறது, இதுதான் அந்த நூறு சதவீதம். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று மதிப்பிடப்பட்டது. கருவுற்றிருப்பதிலும் இரத்தக்கட்டு ஆபத்து உண்டு, அந்த மாத்திரையின் ஆபத்தைவிட அதிகமாகவே. நூறு சதவீதம் என்றதும் யாராவது ஒருவர் ‘எதில்’ என்று கேட்டு, ஏழாயிரத்தில் ஒன்று என்ற பதிலை அதே தலைப்பில் போட்டிருக்கலாம்.

இந்தக் கதையை அண்ணன் மகளிடம் சொல்லவில்லை. அவளுக்கு வேறொரு புதிர் கொடுத்தேன். ஒரு கூடத்தில் நூறு பேர். அதில் 99 பேர் இடக்கைப் பழக்கம், ஒருவர் வலக்கை. இடக்கைக்காரர்கள் 98 சதவீதமாகக் குறைய வேண்டும். எத்தனை இடக்கைக்காரர்கள் வெளியேற வேண்டும்?

“ஒருத்தர்.”

“சரி, ஒருத்தர் போயாச்சு. இப்ப மொத்தம் எத்தனை பேர்?”

“தொண்ணூத்தொம்பது. இடது கை தொண்ணூத்தெட்டு. 98 சதவீதம்… இல்ல. நூறு பேர் இல்லையே இப்ப!”

வகுத்துப் பார்த்தாள். 98.99 சதவீதம். அசையவே இல்லை. இரண்டு பேரை அனுப்பினாள், பத்துப் பேரை அனுப்பினாள். 98.9 ஆகவே நின்றது. கூடம் காலியாகிக்கொண்டே போகிறது, சதவீதம் நகர மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் கழித்து ஐம்பது என்றாள். நான் எதிர்பார்த்ததைவிட நல்ல விளக்கமும் சொன்னாள்: “அந்த வலது கை ஆளைப் பார்க்கணும் அத்தை. அவர் முதல்ல நூத்துல ஒண்ணு. இப்ப நூத்துல ரெண்டா ஆகணும். அவர் ஒருத்தர்தான் இருக்காரு. அப்ப கூடத்துல அம்பது பேர்தான் இருக்கணும்.” 99ஐ முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் இது வராது. அந்த ஒற்றை ஆளின் பக்கம் போய் நிற்க வேண்டும்.

அடுத்த நாள் பின்னக் கூட்டலில் மாட்டிக்கொண்டாள். 1/2ஐயும் 1/3ஐயும் கூட்டி 2/5 என்று போட்டிருந்தாள். மேலே மேலே, கீழே கீழே. ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் தப்பு இது. அரையைவிடச் சின்ன எண் எப்படி வரும் என்று கேட்டால் பிள்ளைகளுக்கே புரிந்துவிடும். கேட்டேன், புரிந்தது, திருத்திவிட்டாள்: 5/6. ஆனால் எனக்கு அந்தத் தப்பின்மேல் ஒரு பரிவு உண்டு. ஏனென்றால் வேறொரு கேள்விக்கு அதுதான் சரியான விடை. முதல் நாள் இரண்டு பந்தில் ஒன்றைக் கூடையில் போட்டாள், அடுத்த நாள் மூன்றில் ஒன்றைப் போட்டாள் என்றால் மொத்தத்தில் ஐந்தில் இரண்டு. 1/2உம் 1/3உம் சேர்ந்து 2/5. ஒரே முழுமையின் இரண்டு துண்டைச் சேர்ப்பது ஒரு வேலை, இரண்டு வெவ்வேறு முழுமைகளைக் கலப்பது வேறு வேலை. முதலாவதுக்குப் பெயர் பின்னக் கூட்டல். இரண்டாவதுக்கு ஏழாம் வகுப்பில் பெயரே இல்லை, ஆனால் வாழ்க்கையில் நாம் சதவீதங்களைச் சேர்க்கும்போது செய்வது பெரும்பாலும் அந்த இரண்டாவதைத்தான்.

அதில் ஒரு பொறியும் இருக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973இல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்கள் 8,442 பேரில் 44 சதவீதத்தினருக்கு இடம் கிடைத்தது. பெண்கள் 4,321 பேரில் 35 சதவீதத்தினருக்குத்தான் கிடைத்தது. பாரபட்சம் வெளிப்படையாகத் தெரிகிறதே என்றுதான் யாருக்கும் தோன்றும். பிக்கெல், ஹாம்மெல், ஓ’கானெல் என்ற மூவர் துறை துறையாகப் பிரித்துப் பார்த்து 1975இல் கட்டுரை வெளியிட்டார்கள். துறைவாரியாகப் பார்த்தால் அந்தப் பாரபட்சம் காணாமல் போனது. கொஞ்சம் பெண்கள் பக்கம் சாய்வுகூடத் தெரிந்தது. பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தவை, யாருக்குமே இடம் கிடைப்பது கடினமாக இருந்த துறைகள்.

இதை நம்ப எனக்கு நாளானது. சின்ன எண்களில் போட்டுப் பார்த்த பிறகே மனம் ஒப்பியது. இரண்டே துறை. எளிதில் கிடைக்கும் துறைக்கு 80 ஆண்கள் போட்டு 48 பேருக்குக் கிடைக்கிறது, 60 சதவீதம். 20 பெண்கள் போட்டு 14 பேருக்கு, 70 சதவீதம். கடினமான துறைக்கு 20 ஆண்கள் போட்டு 4 பேருக்கு, 20 சதவீதம். 80 பெண்கள் போட்டு 20 பேருக்கு, 25 சதவீதம். இரண்டு துறையிலும் பெண்களே மேலே. இப்போது கலக்குங்கள்: ஆண்கள் நூற்றில் 52, பெண்கள் நூற்றில் 34. எங்கும் தப்பில்லை, திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்துவிட்டேன். மேலே மேலே, கீழே கீழே என்று கூட்டியதில் பெரும்பான்மை எங்கே விண்ணப்பித்தது என்ற விவரம் உள்ளே புகுந்து விடையைத் தலைகீழாக்கிவிட்டது. பெண்கள் ஏன் அந்தத் துறைகளுக்குப் போனார்கள் என்பது அப்புறம் வேறு கேள்வி; அதற்குச் சதவீதத்தில் பதில் இல்லை.

மருத்துவச் சோதனை முடிவு கையில் இருக்கும்போதும் இதே பொறிதான். ஒரு நோய் நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கிறது. சோதனை, நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைக் கண்டுபிடிக்கும். இல்லாதவர்களில் 10 சதவீதம் பேருக்கும் தவறுதலாக ‘உண்டு’ என்று காட்டும். உங்களுக்கு ‘உண்டு’ என்று வந்துவிட்டது. நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? மனம் உடனே 90 என்கிறது. ஆயிரம் பேரை நிறுத்திப் பாருங்கள். நோய் உள்ளவர்கள் 10 பேர், அதில் 9 பேருக்கு ‘உண்டு’. மீதி 990 பேரில் 99 பேருக்கும் ‘உண்டு’. ஆக 108 பேர் கையில் அந்தக் காகிதம் இருக்கிறது, உண்மையில் நோய் இருப்பது 9 பேருக்கு. பன்னிரண்டில் ஒருவர். 90 சதவீதம் என்று சொன்னது நோயாளிகளில். நான் தெரிந்துகொள்ள விரும்பியது ‘உண்டு’ என்று வந்தவர்களில். ஒரே வரியில் இருக்கும் இரண்டு ‘இல்’ மாறிவிட்டால் தூக்கம் போய்விடும். நோயை எண்ணிப் பயப்படும்போது சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களை எண்ணுவதே நல்லது என்று நினைக்கிறேன்.

நாளை மழைக்கு 30 சதவீத வாய்ப்பு என்று அறிவிக்கிறார்களே, அது எதில் முப்பது? ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரென்ஸரும் சக ஆய்வாளர்களும் ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் மக்களிடம் இதைக் கேட்டு 2005இல் வெளியிட்டார்கள். நாளின் 30 சதவீத நேரம் பெய்யும் என்றார்கள் சிலர், 30 சதவீத இடத்தில் பெய்யும் என்றார்கள் சிலர். நாளையைப் போன்ற நாட்கள் நூறில் முப்பதில் மழை வரும் என்ற சரியான பொருளைப் பெரும்பான்மையினர் தேர்ந்தெடுத்தது நியூயார்க்கில் மட்டும். நேரமா, இடமா, நாட்களா? அறிவிப்பில் அடிப்படையைச் சொல்லவில்லை என்றால் ஆளாளுக்கு ஒன்றை வைத்துக்கொள்ளத்தான் செய்வார்கள்.

தினமும் ஒரு சதவீதம் முன்னேறினால் ஒரே ஆண்டில் 37 மடங்கு ஆகிவிடலாம் என்று ஊக்கப் பேச்சாளர்கள் சொல்வதையும் விடக் கூடாது. பெருக்கல் சரிதான். 1.01ஐ 365 முறை பெருக்கினால் 37.8 வருகிறது, நேற்றைய அளவின்மேல் இன்றைய ஒரு சதவீதம் ஏறிக்கொண்டே போவதால் அப்படி. வங்கிக் கணக்கில் இருக்கும் தொகைக்கு இது பொருந்தும். ஆனால் என் பொறுமையில் ஒரு சதவீதம் எவ்வளவு? எதைக்கொண்டு அளப்பது? எதில் என்ற கேள்விக்கே பதில் இல்லாத இடத்தில் மடங்கு மட்டும் தசமப் புள்ளியோடு வருகிறது. எரிச்சல்தான் வருகிறது எனக்கு.

கிளம்புவதற்கு முந்தின இரவு அந்தப் பழைய பிரதியை அவளுக்கு எடுத்துக் காட்டினேன். மடிப்பில் பழுத்துப்போயிருந்தது. ஸ்கேலை வைத்து அவளே அளந்தாள். 288.

“இதையே நகல் எடுத்து 300 ஆக்க முடியுமா அத்தை?”

“எத்தனை வைக்கணும் சொல்லு.”

“நூறு 96 ஆயிடுச்சு. நாலு போச்சு. நூத்தி நாலு…” என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. நோட்டின் பின்பக்கத்தில் 300ஐ 288ஆல் வகுத்தாள். 1.0416 என்று வந்து ஆறு ஆறாகப் போய்க்கொண்டிருந்தது.

“நூத்தி நாலு புள்ளி ஒண்ணு ஆறு ஆறு ஆறு.”

“நாங்க வச்சிருந்த மிஷின்ல நூத்தி நாலுக்கு அப்புறம் நூத்தி அஞ்சுதான். நடுவுல எதுவும் கிடையாது.”

104இல் பெருக்கிப் பார்த்தாள்: 299.52. 105இல் பெருக்கிப் பார்த்தாள்: 302.4. கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பென்சில் நுனியை ஸ்கேலில் 299க்கும் 300க்கும் நடுவில் வைத்து, “அரை மில்லிமீட்டர். பென்சில் கோடே அவ்ளோ தடிமன்தான் அத்தை, நூத்தி நாலே வச்சிரலாம்” என்றாள்.